டிரைவிங் பழகுபவர்களை வைத்து ஆவணப்படம் எடுக்கிறோம், திட்டம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்

தெப்பக்குளம்03:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். இந்த செமஸ்டருக்கு 12 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். மார்ச் கடைசியில் ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) காட்டணும், இப்போதே ஜனவரி பாதி போய்விட்டது. நாங்கள் நாலு பேர். எங்கள் வயதுப் பிள்ளைகள் வண்டி ஓட்டப் பழகுவதைப் பற்றி எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த யோசனை வந்ததே ஒரு சண்டையில்தான்: எங்கள் நாலு பேரில் மூன்று பேருக்கு லைசென்ஸ் கிடையாது, அந்த மூவரில் ஒருவன் எட்டாம் வகுப்பிலிருந்து பைக் ஓட்டுகிறானாம், "எனக்கு எதுக்குடா லைசென்ஸ்" என்றான்.

இப்போதைக்கு இருக்கும் திட்டம் இது. ஆறு பேரைப் பின்தொடர்வது. ஸ்கூட்டி பழகும் பெண், கார் பழகும் பையன், வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போக நினைப்பவர், உணவு டெலிவரிக்குச் சேரப்போகிறவர், லாரி டிரைவர் ஒருவரின் மகன், அப்புறம் அப்பாவின் பைக்கில் பள்ளிக்குப் போகும் பிளஸ் டூ பையன் ஒருவன். ஆரம்பத்தில் கருப்புத் திரையில் விபத்துப் புள்ளிவிவரம், நடுவில் ஆர்.டி.ஓ. பேட்டி, ரிங் ரோட்டில் ஒரு டிரோன் ஷாட், முடிவில் ஒரு மெசேஜ்.

கையில் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, கடன் வாங்கிய ஆக்ஷன் கேமரா ஒன்று, ஒயர்லெஸ் காலர் மைக் இரண்டு, எங்கள் போன்கள். திட்டத்தைப் படித்த எங்கள் சார் "ரொம்பப் பரந்து கிடக்குதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதை வெட்டுவது? ஓடுகிற காருக்குள் கேமராவை எங்கே வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எடிட்மேசை:

உங்கள் சார் சொன்னது சரிதான். 12 நிமிடத்தில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அதில் அவர் யார் என்று காட்டவே ஒரு நிமிடம் போய்விடும், மிச்சத்தில் அவர் வண்டியில் ஏறுவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். நானும் கல்லூரியில் இப்படித்தான் மீனவர்கள் பற்றி ஒரு படம் எடுத்தேன். அதில் எட்டு மீனவர்கள் வருவார்கள், ஒருவர் முகமும் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

உங்களுக்குக் கதையை யோசிக்கிற வேலையே இல்லை, சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்த நாளிலிருந்து 30 நாள் ஆனால்தான் டெஸ்டுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். ஆறு மாதத்துக்குச் செல்லும். ஒரு தொடக்கம், கட்டாயக் காத்திருப்பு, ஒரு பரீட்சை. ஒரே ஒருவரைப் பிடியுங்கள், மிஞ்சினால் இரண்டு. எல்.எல்.ஆர். வாங்கும் காலையிலிருந்து டெஸ்ட் முடிந்து வெளியே வரும் நிமிடம் வரை கூடவே இருங்கள். ஜனவரி கடைசியில் ஆரம்பித்தால் மார்ச் முதல் வாரத்தில் டெஸ்ட். தோற்றுவிட்டால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும், அதற்கும் பத்து நாள் ஒதுக்கி வையுங்கள். தோற்றால் படத்துக்கு நல்லது, அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆர்.டி.ஓ. பேட்டி வேண்டாம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "இளைஞர்கள் விதிகளை மதிக்க வேண்டும்" என்பார், உங்களால் வெட்டவும் முடியாது, வைக்கவும் முடியாது. ஆனால் டெஸ்ட் நடக்கிற இடத்தில் எடுக்க அனுமதி வேண்டும். அதற்குக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் இன்றைக்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள், எட்டு போடப் போகிறவன் காற்றில் விரலால் எட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கேமரா பற்றி: எனக்கு வேண்டிய ஒரே ஷாட் கால்கள். முகத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். ஆக்ஷன் கேமராவை டிரைவர் காலடியில் ஒட்டி வைத்து, கிளட்ச்சில் அந்தக் கால் நடுங்குவதை எடுங்கள்.

பழையமாருதி:

மேலே சொன்ன கடைசி வரியை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நான் திண்டுக்கல் பக்கம் 22 வருடமாக டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். டிரைவர் காலடியில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது, செருப்பைக் கூடக் கழற்றிப் போட விடமாட்டேன்.

காரணம் சொல்கிறேன். என் பக்கம் இருக்கும் பிரேக், கிளட்ச் பெடல்களைத் தனி பிரேக் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பழகுகிறவர் பெடலோடு கம்பி போட்டுச் சேர்த்திருப்பது, நான் மிதித்தால் அந்தப் பெடல் இறங்கும், அவ்வளவுதான். ஒரு தடவை ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான். இறக்கத்தில் அது உருண்டு போய் அவன் பிரேக் பெடலுக்கு அடியில் நின்றுவிட்டது. அவன் மிதிக்கிறான், இறங்கவில்லை. நான் மிதிக்கிறேன், எனக்கும் இறங்கவில்லை, அதே பெடல்தானே. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். உங்கள் கேமரா ஒட்டியிருக்கும் பசை வெயிலில் விட்டுப்போனால் அதேதான் நடக்கும்.

காலைத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் காலை எடுங்கள் தம்பி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வலது கால் பிரேக்குக்கு மேலே அரை அங்குலத்தில் நிற்கும், வண்டியில் இருக்கிற நேரம் முழுக்க அது தரையைத் தொடாது, பெடலையும் தொடாது. வாய் "போ போ, தைரியமாப் போ" என்று சொல்லும், கால் மட்டும் நம்பாது. ராத்திரி கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்க்காமல் தூக்கம் வராது. ஒரு ஆள் நன்றாகப் பழகிவிட்டார் என்பது எனக்கே எப்போது தெரியும் தெரியுமா, என் கால் தானாகக் கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டாம் நாளோ பதினைந்தாம் நாளோ, குனிந்து பார்த்தால் உட்கார்ந்திருக்கும்.

பழகுகிறவர் காலை எடுக்க முதல் நாள் வாருங்கள். இன்ஜினை ஆஃப் செய்து வைத்துவிட்டு வெறும் பெடலை மிதிக்கச் சொல்வோம். கிளட்ச், கியர், மெதுவாக விடு, ஆக்சிலேட்டர். அப்போது எங்கே வேண்டுமானாலும் கேமராவை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜனவரி, பிப்ரவரி நல்ல சமயம். ஏப்ரல், மே வந்தால் பரீட்சை முடிந்த பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள், காலை 5.30 மணிக்கே வண்டிக்கு வரிசை நிற்கும், உங்களிடம் பேச எந்த மாஸ்டருக்கும் நேரம் இருக்காது. மதுரையில் சித்திரைத் திருவிழா வேறு, அப்போது அந்தப் பக்கம் காரை ஓட்டவே முடியாது, பழகுவது எங்கே.

எடிட்மேசை:

அண்ணன் சொல்வதே சரி, என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கம்பி சேர்த்திருக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் மாஸ்டரின் கால் இருக்கிறதே, நான் கேட்டதை விட அது பெரிய ஷாட். முதல் நாள் அந்தரத்தில் நிற்கும் கால், கடைசி வாரம் தரையில் உட்கார்ந்த கால். ஒரு வார்த்தை வாய்ஸ் ஓவர் தேவையில்லை.

தெப்பக்குளம்03:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ஆறு பேரை இரண்டாக்கிவிட்டோம், ஒரு பெண் ஸ்கூட்டி, ஒரு பையன் கார். இரண்டு சந்தேகம். ஸ்கூட்டி பழகும்போது பின்னால் உட்கார்ந்து தோளுக்கு மேலாக எடுக்கலாம் என்று நினைக்கிறோம், ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான். அடுத்தது, அந்தப் பிளஸ் டூ பையனை மட்டும் விட மனசு வரவில்லை. அவன்தான் நன்றாகப் பேசுகிறான், அவன் அப்பாவும் சம்மதித்துவிட்டார். முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதாதா?

பழையமாருதி:

பின்னால் உட்காரக் கூடாது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் டூ வீலரில் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது விதி, அந்தச் சொல்லிக்கொடுப்பவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். உங்கள் குழுவில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வேறு வண்டி ஓட்ட, இன்னொருவர் அதில் உட்கார்ந்து பக்கவாட்டில் எடுக்கலாம் என்று கேட்பீர்கள். அதுவும் காலி மைதானத்தில் மட்டும் செய்யுங்கள். பழகுகிறவர் பக்கத்தில் ஒரு வண்டி வந்தால் அவர் கண் அங்கேதான் போகும், கண் போகும் பக்கம்தான் ஹேண்டில்பாரும் போகும். ஓரிடத்தில் நின்று எடுங்கள். அவர் எட்டு போட்டுச் சுற்றிச் சுற்றி உங்களிடம்தானே வரப்போகிறார்.

காரில் பின் சீட்டில் ஒருவர் உட்காரலாம், பெல்ட் போட்டுக்கொண்டு. வண்டியில் எல் போர்டு முன்னும் பின்னும் தெரிய வேண்டும், வெள்ளையில் சிவப்பு எழுத்து. அதை மறைத்துக்கொண்டு கேமராவை ஒட்டாதீர்கள். கண்ணாடியில் டிரைவருக்கு எதிரே எதுவுமே கூடாது, டேஷ்போர்டில் என் பக்கம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்மேசை:

பிளஸ் டூ பையனை விட்டுவிடுங்கள், மனசு வராவிட்டாலும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் பொறுப்பு: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடைக்காது. 16 வயதில் ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள், அது 50 சி.சி. வரைக்கும்தான், டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட அந்தக் கணக்கில் வராது. நீங்கள் எடுப்பது படம் இல்லை, அவர்கள் வீட்டுக்கு எதிரான சாட்சி. முகத்தை மங்கலாக்கினால் போதாது, அந்தத் தெருவில் அந்த பைக்கையும் அந்த ஸ்கூல் பேகையும் தெரியாதவர் யார்? அந்த அப்பா என்னவென்று தெரிந்து சம்மதித்தாரா, டிவியில் வரும் என்று நினைத்துச் சம்மதித்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அதை விட, உங்கள் குழுவிலேயே ஒருவன் எட்டாம் வகுப்பிலிருந்து ஓட்டுகிறான் என்றீர்களே. இப்போது அவனுக்கு 20 இருக்கும். அவனை எல்.எல்.ஆர். எடுக்க வையுங்கள். ஆறு வருடமாக ஓட்டுகிறவன் எட்டு போடத் தெரியாமல் காலை ஊன்றினால்? அதுதான் உங்கள் பையன்.

வைகைவடகரை:

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. ஸ்கூட்டி பழகும் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், நல்லது, ஆனால் அந்தப் பெண்ணோடு வீட்டில் யார் வண்டி ஓட்டுகிறார்கள், யார் ஓட்டவில்லை என்பதையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு நாள் சாவியை எடுத்துக்கொண்டு போனான், வந்தான், அன்றிலிருந்து ஓட்டுகிறான். எனக்கு 19 வயதில் ஃபார்ம் வாங்கும்போது "எதுக்கு, எங்க போகணும்னாலும் அண்ணன் கொண்டுவிடுவான்ல" என்றார்கள்.

வீட்டில் ஒழுங்காக எல்.எல்.ஆர். எடுத்து முதலில் பழகியது அம்மாதான். 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியத் திட்டம் தொடங்கியது ஞாபகம் இருக்கும், விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது. அதற்காக அம்மா வரிசையில் நின்றார். அவர் பழகிய அழகு இருக்கிறதே, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகுவார். வண்டி உறுமும், நகராது, ரப்பர் தீய்ந்த மாதிரி ஒரு வாடை வரும். "பிரேக்க விடும்மா" என்றால் "விட்டா போயிடுமே" என்பார். போகத்தானே அம்மா வண்டி!

இப்போது நன்றாக ஓட்டுகிறார். ஆனால் அண்ணா நகர், கே.கே. நகர், மாட்டுத்தாவணி, அவ்வளவுதான். கோரிப்பாளையம் சிக்னலை இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூடத் தாண்டியதில்லை. அதற்கு அந்தப் பக்கம் ஏ.வி. பாலம், ஆறு, சிம்மக்கல், அவர் பிறந்த வீடே அங்கேதான் இருக்கிறது, பஸ்ஸில்தான் போவார். உங்கள் படத்தில் வருபவரிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து, எங்கே வரை தனியாக ஓட்டிப் போவாய் என்று வரையச் சொல்லுங்கள். முதல் நாள் ஒன்று, கடைசி நாள் ஒன்று. பேட்டியில் ஒரு மணி நேரம் கேட்டாலும் சொல்லாததை அந்தக் கோடு சொல்லிவிடும்.

எங்கள் அத்தை புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஊர் ஊராகப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்களே, அதில் பழகியவர். இன்றைக்கும் அத்தையிடம் வண்டி பற்றிப் பேச்சை எடுத்தால் முதலில் எந்த ஊர் வரை போனேன் என்றுதான் சொல்வார்.

மைக்செக்:

யாருமே சவுண்ட் பற்றிப் பேசவில்லை, வழக்கம்போல. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பெரும்பாலும் ஏ.சி. போட மாட்டார்கள், கண்ணாடி இறங்கியிருக்கும், ஹாரன் சத்தம் எல்லாம் உள்ளே. காலர் மைக்கை எந்தப் பக்கம் குத்துகிறீர்கள் என்று பாருங்கள். டிரைவருக்கு பெல்ட் வலது தோளில் இருந்து வரும், அதனால் மைக் இடது பக்கம். மாஸ்டருக்கு அப்படியே தலைகீழ். மாற்றிக் குத்தினால் 40 நிமிடமும் பெல்ட் உரசுகிற சத்தம்தான் கிடைக்கும். துப்பட்டா போட்டிருந்தால் மைக்கை இன்னும் கொஞ்சம் மேலே. காரில் ஏறியதும் ஒரு தடவை கை தட்டுங்கள், கேமராவோடு சத்தத்தைச் சேர்க்க உதவும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்து வையுங்கள், எடிட்டில் எல்லா வெட்டுக்கும் அடியில் அதைத்தான் போடுவீர்கள்.

ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்லத் திரும்புவார். வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடையில் கேளுங்கள், இல்லையென்றால் மறுநாள் அவர் ஓட்டியதைப் போட்டுக் காட்டி, பார்த்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள்.

சும்மாவாசகன்:

எல்லாம் சரி, புள்ளிவிவரம் வேண்டாமா? ரோட்டில் இவ்வளவு பேர் சாகிறார்கள், அதைச் சொல்லாமல் எல் போர்டு அழகு பார்ப்பதா?

எடிட்மேசை:

வேண்டும், ஆனால் கருப்புத் திரையில் வேண்டாம். 2022ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதைப் படிக்கும்போதே உங்கள் கண் தாண்டிப் போயிருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், நாளைக்கு 49 பேர், கிட்டத்தட்ட ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்கிற கூட்டம். வகுப்பில் மாஸ்டர் இதைச் சொல்கிற மாதிரி இருந்தால், கேட்கிற பிள்ளைகளின் முகத்தின் மேல் வைக்கலாம். அவர் சொல்லவில்லை என்றால் நீங்களும் சொல்ல வைக்காதீர்கள். கடைசியில் மெசேஜ் என்று போட்டிருந்தீர்களே, அதையும் தூக்கிவிடுங்கள். டிரோனையும்தான்.

பழையமாருதி:

வகுப்பு என்றதும் ஞாபகம் வந்தது. கார் பழக 21 நாளுக்குக் குறையக் கூடாது, வண்டி ஓட்டுவது மட்டும் 10 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படியா நடக்கிறது என்று கேட்காதீர்கள். நீங்கள் போகிற இடத்தில் எத்தனை நிமிடம் ஸ்டீயரிங் கையில் இருக்கிறது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். படத்தில் போடுவதும் போடாததும் பிறகு.

தெப்பக்குளம்03:

ஒரு வாரம் ஆகிவிட்டது, என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

குழுவில் "எனக்கு எதுக்குடா" என்றவன்தான் இப்போது ஒரு ஹீரோ. எல்.எல்.ஆர். எடுத்துவிட்டான், கியர் பைக்கும் காரும் சேர்த்து. பைக்கை 30 நாள் தொடுவதில்லை, பழகும்போது மட்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம், பஸ்ஸில் வருகிறான், முகத்தைப் பார்க்கணுமே. மைதானத்தில் எட்டு போடச் சொன்னோம், மூன்று தடவை கால் ஊன்றினான். ஸ்கூட்டி பழகும் பெண் எங்கள் ஜூனியர், அவள் அம்மாவும் பழகலாமா என்று இப்போது கேட்கிறாராம், அதனால் அக்கா சொன்ன பேப்பரை இரண்டு பேரிடமும் கொடுத்தோம். மகள் மூன்று ஊர் வரைந்தாள். அம்மா பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு "அப்புறம் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை.

டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டு நாள் கேமரா இல்லாமல் போய் உட்கார்ந்தோம். அந்த மாஸ்டர் முதலில் கேட்டது, "படத்தில் என் வண்டி கதவு நசுங்கியிருக்கிறது தெரியுமா?" தெரியாத பக்கமாக எடுக்கிறோம் என்றோம். அவர் காலை எடுக்க வேண்டும் என்றதும் ஒரு நிமிடம் எங்களையே பார்த்தார், அப்புறம் ஷூ வாங்கணுமா என்று கேட்டார். வேண்டாம் சார், இதே செருப்பு போதும் என்றோம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. நாளைக்குக் காலை 6 மணிக்கு முதல் வகுப்பு. பின் சீட்டில் யார் உட்காருவது என்று எங்களுக்குள் இன்னும் அடிதடி. நன்றாக எடுக்கிறவன் கொஞ்சம் குண்டு, அதனால் ஏதாவது ஆகுமா?

பழையமாருதி:

முதல் வாரம் ஒல்லியானவன் உட்காரட்டும். பின்னால் எடை ஏறினால் மேட்டில் வண்டி ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும், பையன் தன் தப்பு என்று நினைத்துக்கொள்வான். ஹாஃப் கிளட்ச் பிடிபட்ட பிறகு குண்டுத் தம்பி ஏறலாம்.